பகிடி என்னும் கேடயம்

சில மாதங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் தான் எழுதிய கதையொன்றைக் கொணர்ந்து தந்து, என் அபிப்பிராயத்தைக் கேட்டான். பாழ்கிணறு ஒன்றிலிருந்து பூதமொன்று கிளம்பி ஊரை விழுங்குவதே கதை. நடையிலே துடிப்பு இருந்தது. ஆயின், பூதம் எதற்காக வந்தது, அது எதற்கு அஞ்சும், ஊரவர் எதனை இழந்து தவித்தனர் என்னும் வினாக்களுக்குக் கதையில் விடையில்லை. முதற் பக்கத்தில் இறந்த கிழவி நான்காம் பக்கத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அவன் சற்றும் முகங்கோணவில்லை.

"சேர், உது சும்மா பகிடிக்கு எழுதினது. பகிடியிலை என்னத்தைப் பிழை பிடிக்கிறது?" என்றான். தன் கட்சிக்குச் சான்றாக அமெரிக்கத் தொலைக்காட்சிப் படமொன்றையும் எடுத்துக் கூறினான். "அதிலை சுறா வானத்திலையிருந்து விழுது, சேர். உலகமே பாத்துச் சிரிச்சது. ஆராவது பிழை சொன்னவையே?"

அவனுக்கு அப்போது நான் விடையளிக்கவில்லை. பாராத படத்தைப் பற்றிப் பேசுவது முறையன்று. அவன் குறிப்பிட்டது ஒரு படத்தின் இரண்டாம் பாகத்தை. எனவே முதற் பாகத்தையும் தேடிப் பார்த்து, இரண்டாவதையும் இருமுறை பார்த்தேன். அவன் கேட்ட கேள்வி சிறுபிள்ளைத்தனமானதன்று என்பது அதன்பின்பே எனக்குப் புலப்பட்டது. இக்கட்டுரை அதற்கு நான் கூற விரும்பும் விடை.

படத்தின் பெயர் 'ஷார்க்நேடோ'. சுறாவையும் சுழற்காற்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து ஆக்கிய பெயர். தமிழிற் 'சுறாப்புயல்' எனலாம். மலிவுப் படங்களுக்குப் பேர்போன 'த அசைலம்' என்னும் நிறுவனம் இதனைத் தயாரிக்க, 'சைஃபை' என்னும் தொலைக்காட்சி 2013 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் திகதி ஒளிபரப்பியது. கடலிலெழுந்த சுழற்காற்று சுறாக்களை வாரியெடுத்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின்மீது சொரிகிறது. பின் ஷெப்பர்ட் என்னும் கதாநாயகன் மரம் அறுக்கும் இயந்திர வாளோடு அவற்றை எதிர்கொள்கிறான். அன்றிரவு படத்தைப் பார்த்தோர் ஏறத்தாழ 13 இலட்சத்து 70 ஆயிரம் பேர். தொலைக்காட்சிக் கணக்கில் இது பெரிய தொகையன்று. ஆனால், பார்த்தவர்களும் பாராதவர்களும் டுவிட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 செய்திகள் என்னும் அளவுக்கு அதைப் பற்றி எழுதித் தள்ளினர். படத்தை விடப் படத்தைப் பற்றிய பேச்சுப் பெரிதாயிற்று.

அடுத்த ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி இரண்டாம் பாகம் வந்தது. அதே இயக்குநர் அந்தனி ஃபெரான்ரே. அதே கதாசிரியர் தண்டர் லெவின். அதே நாயகர் அயன் சியரிங். அதே நாயகி தாரா ரீட். இடம் மட்டும் நியூயோர்க். இம்முறை பார்த்தோர் 39 இலட்சம். உபதலைப்பைக்கூட டுவிட்டர்ப் போட்டி வைத்து இரசிகரிடமே பெற்றனர். கிடைத்த தலைப்பு 'த செக்கன்ட் ஒன்', அதாவது 'இரண்டாவது'. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதைத் தலைப்பே சொல்லி விட்டது.

இப்படத்தின் குறைகளைப் பட்டியலிடுவதாயின் இந்தப் பக்கம் போதாது. கணிப்பொறியிற் பிறந்த சுறாக்களுக்குப் பாரமில்லை. அவை விழுமிடத்தில் நிலம் அதிர்வதில்லை. ஒரு காட்சியின் வானமும் அடுத்த காட்சியின் வானமும் ஒன்றையொன்று அறியா. சுதந்திர தேவி சிலையின் தலை கழன்று, தெருவழியே ஆட்களைத் துரத்திக்கொண்டு உருள்கிறது. இவற்றையெல்லாம் கண்டு, 'என்ன மட்டமான வேலை!' என்று ஒருவர் சினந்தால், படத்தை எடுத்தவர்கள் மகிழ்ச்சியோடு தலையசைப்பார்கள். அவர்கள் வேண்டுவதும் அதுவே. ஆகவே இவ்வழியே செல்வதிற் பயனில்லை. இப்படத்தின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். வறுமை கலைக்குப் பகையன்று. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இப்படத்தின் தொடக்கக் காட்சியிலேயே அது கிடைக்கிறது. நாயகன் விமானத்தில் இருக்கிறான். சன்னலுக்கு வெளியே, மின்னல் வெளிச்சத்தில், இறக்கையின்மேல் ஒரு சுறாவைக் காண்கிறான். இது இரவல் வாங்கிய காட்சி. 1963 ஆம் ஆண்டு 'ட்வைலைட் ஸோன்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், ரிச்சர்ட் மதீசன் எழுதிய நாடகமொன்று ஒளிபரப்பாயிற்று. அதில் விமானத்தின் இறக்கையில் ஒரு விசித்திரப் பிராணியைக் காண்பவர் வில்லியம் ஷாட்னர். அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரையே சுறாப்படத்தின் விமானிக்கும் இட்டிருக்கிறார்கள்.

அந்த நாடகமும் சின்னத்திரைக்காக ஆக்கப்பட்டதே. அரைமணி நேரத்துக்குள் முடிவது. ஒரு விமானத்தின் உட்புறமே அதன் களம். அந்தப் பிராணியோ உரோம உடை தரித்து முகமூடி அணிந்த ஒரு மனிதன். இன்றைய கண்ணுக்கு அவ்வேடம் சிரிப்பைக்கூட மூட்டலாம். எனினும் நாடகம் நம்மை இன்றும் நடுங்க வைக்கிறது. காரணம் யாது? அதன் நாயகன் மனநோயுற்றுச் சிகிச்சை பெற்று வீடு திரும்புபவன். அவன் பார்க்கும்போது இறக்கையில் பிராணி நிற்கிறது. பிறர் பார்க்கும்போது இல்லை. மனைவி அருகிலிருந்து அவனைத் தேற்றுகிறாள். அத்தேறுதலே அவனுக்குத் தண்டனையாகிறது. 'நான் கண்டது உண்மையாயின் எல்லோரும் சாவோம். பொய்யாயின் நான் பைத்தியக்காரன்' என்னும் இரு முனைகளுக்கிடையே அவன் தவிக்கிறான். பார்ப்போர் அஞ்சுவது முகமூடிக்கன்று, அந்தத் தவிப்புக்கே.

சுறாப்படம் இக்காட்சியை எடுத்துக்கொண்டது, தவிப்பை விட்டுவிட்டது. நாயகனை விமானத்தார் நம்ப மறுப்பது சில நிமிடந்தான். அதற்குள் விமானம் பிளவுபட்டுச் சுறாக்கள் உள்ளே பாய்கின்றன, தலைகள் பறக்கின்றன, நாயகியின் கை போகிறது. ஐயம் முளைக்குமுன்பே அதற்கு விடை வந்து விடுகிறது. 1963 இல் ஒரு முகமூடியைக்கொண்டு சாதித்ததை, அரை நூற்றாண்டின் பின் கணிப்பொறியும் நியூயோர்க் நகரமும் கையிலிருந்தும் சாதிக்க முடியவில்லை. இதற்குப் பணமுடையைச் சாட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

நாயகியின் கையைப் பற்றி இன்னொரு வார்த்தை. கணவனைப் பிரிந்து மீண்டும் அவனோடு சேரவிருக்கும் பெண் அவள். அவள் ஒரு கையை இழக்கிறாள். எந்தக் கதாசிரியனுக்கும் இது பெரிய வாய்ப்பு. இங்கே, படம் முடியுமுன் அந்தக் கையிருந்த இடத்தில் வட்ட வாளொன்றைப் பொருத்திக்கொண்டு அவள் சண்டைக்கு வந்து விடுகிறாள். இழந்த கை ஒரு சுறாவின் உடலிலிருந்து மீளக் கிடைக்கிறது. நாயகன் அதிலிருந்து மோதிரத்தைக் கழற்றி, அவளை மணங்கேட்கிறான். கற்பனையின் துணிச்சலை நான் மறுக்கவில்லை, நானும் சிரித்தேன். ஆனால் கை போனது எவருக்குமே வலிக்கவில்லை. கையை இழந்தவளுக்கும் வலிக்கவில்லை. வலியில்லாத இடத்தில் அபாயமில்லை. அபாயமில்லாத இடத்தில் அதிலிருந்து தப்புவதற்கும் பொருளில்லை. என் மாணவனின் கதையில் இறந்த கிழவி தேநீர் ஊற்றியதும் இதுபோன்றதே.

'இது நையாண்டிப் படமையா! நையாண்டியில் வலியைத் தேடலாமா?' என்று கேட்பார் உளர். நன்று, நையாண்டியையே எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன விமானியாக நடித்தவர் ரொபேர்ட் ஹேய்ஸ். 1980 ஆம் ஆண்டு வெளிவந்த 'எயர்பிளேன்!' என்னும் நையாண்டிச் சித்திரத்தின் நாயகர் இவரே. அச்சித்திரம் 1957 இல் வந்த 'சீரோ அவர்!' என்னும் விமான விபத்துப் படமொன்றை அடியொற்றியது. அதனை ஆக்கிய மூவரும் மூலப்படத்தின் உரிமையை முறைப்படி வாங்கி, அதன் கதைப்போக்கை எலும்புக்கூடு போல் வைத்துக்கொண்டு, அதன்மேலே நகைச்சுவையைக் கட்டினர். கோமாளிகளைத் தேடாது, கம்பீரமான பாத்திரங்களுக்குப் பேர்போன நடிகர்களை அமர்த்தினர். அந்நடிகர்கள் அபத்தமான வசனங்களைச் சிறிதும் சிரியாமல், நீதிபதி தீர்ப்பு வாசிப்பது போல் உச்சரித்தனர். எள்ளி நகையாடுவதற்கும் உழைப்பு வேண்டும். எள்ளப்படும் பொருளைப் பற்றிய அறிவும் வேண்டும். இவ்விரண்டும் அச்சித்திரத்தில் உண்டு.

சுறாப்படமோ பழைய படங்களின் பெயர்களை மட்டும் கடன் வாங்குகிறது. ரொபேர்ட் ஹேய்ஸ் விமானியாக வந்தார், அறிந்தவர் கைதட்டினர், அவ்வளவே. 1975 இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் எடுத்த 'ஜோஸ்' படத்தின் தலைமைப் பாத்திரமும் அவன் மனைவியும் மார்ட்டின் பிரோடி, எலன் பிரோடி என்போர். இப்படத்தில் நாயகனின் மைத்துனனுக்கும் தங்கைக்கும் அவ்விரு பெயர்களே. 'ஜோஸ்' படத்திற்கென ஆக்கிய இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதுபட்டது. வேறு வழியின்றி இயக்குநர் சுறாவை மறைத்து வைத்தே கதையை நடத்த நேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கடந்த பின்பே அதனை நன்றாகக் காண்கிறோம். காணாத சுறாவே பேரச்சம் தந்தது. அந்தப் படத்தின் பெயர்களைக் கடன்வாங்கியவர்கள் இப்பாடத்தையும் வாங்கியிருக்கலாம். பெயர்கள் இலவசம், பாடத்துக்கு உழைப்பு வேண்டும்.

இனி, சிரிப்பைப் பற்றிச் சற்றே ஆராய்வோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார். எள்ளலும் பேதைமையும் அவற்றுள் வேறுவேறாக எண்ணப்பட்டவை என்பதை இங்கே கருதுதல் வேண்டும். ஒருவனை எள்ளுவதாற் பிறக்கும் நகை ஒன்று. ஒருவனது பேதைமையைக் காண்பதாற் பிறக்கும் நகை மற்றொன்று. அமெரிக்காவில் எட் வூட் என்பவர் எடுத்த 'பிளான் 9 ஃப்ரொம் அவுட்டர் ஸ்பேஸ்' என்னும் படம் 1957 இல் முதன்முதற் காட்டப்பட்டது. உலகின் மிக மோசமான படம் என்னும் பட்டம் பின்னாளில் அதற்குச் சூட்டப்பட்டது. அதில் வரும் பெலா லுகோசி என்னும் நடிகர் 1956 இலேயே காலமாகி விட்டார். எஞ்சிய காட்சிகளில், அவரை ஒத்திராத வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடுகிறார். பார்ப்போர் விழுந்து விழுந்து சிரிப்பர். ஆனால் அச்சிரிப்பினடியில் ஒருவகைப் பரிவு ஊறுகிறது. ஏனெனில், எட் வூட் தம் படத்தை நம்பினார். கையிற் காசும் திறமையும் இல்லாவிடினும் உள்ளத்தில் ஆசை இருந்தது. அங்கே நாம் காண்பது பேதைமை. அது மனிதனுக்கு உரியது.

பேதைமையை நடிக்கத் தொடங்கினால் அது பேதைமையாகாது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், மிகைப்பாட்டையும் செயற்கையையும் கண்டு மகிழும் இவ்வகை இரசனையை ஆராய்ந்தார். தன்னை அறியாமலே அவ்வாறு அமைந்த படைப்பையும், வேண்டுமென்றே அவ்வாறு ஆக்கிய படைப்பையும் அவர் பிரித்துக் காட்டினார். முன்னதே தூயது என்றும், பின்னது பெரும்பாலும் அத்துணை நிறைவு தருவதில்லை என்றும் அவர் கருதினார். சுறாப்படத்தின் முதற் பாகத்தில் அப்பேதைமை சிறிதளவேனும் ஒட்டியிருந்தது. இது இத்துணைப் பேசப்படும் என்று அதை எடுத்தோர் அறிந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் பாகத்தில் அவர்கள் அறிந்து விட்டார்கள். அந்த அறிவுதான் படத்தைக் கெடுத்தது.

இதனைக் கதையே காட்டிக் கொடுக்கிறது. நாயகி முந்திய புயலிலிருந்து தப்பியதைப் பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவள். அப்புத்தகத்தை அறிமுகஞ் செய்வதற்காகவே இருவரும் நியூயோர்க்குக்குச் செல்கின்றனர். நாயகனைக் கண்ட இடமெல்லாம் மக்கள் அடையாளங் கண்டு வியக்கின்றனர். உண்மையான காலைச் செய்தி நிகழ்ச்சியின் அறிவிப்பாளர்கள் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றி, சுறாப் புயலின் வானிலை கூறுகின்றனர். பிரபலர் பலர் வந்து முகங்காட்டிச் சுறாவுக்கு இரையாகின்றனர். ஆழ்ந்து நோக்கின், இப்படத்தின் கதைப்பொருள் சுறாவுமன்று, புயலுமன்று. முதற் படத்துக்குக் கிடைத்த புகழே கதைப்பொருள். ஒரு படைப்புத் தன்னைப் பற்றிய கைதட்டலை மட்டுமே பாடத் தொடங்கினால், வெளியுலகம் அதன் கண்ணிலிருந்து மறைந்து போகிறது.

அவ்வாறு மறைந்த வெளியுலகம் எத்தகையது என்பதை எண்ணும்போதே என் மனக்குறை மிகுகிறது. 2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி 'சான்டி' என்னும் பெரும்புயல் அதே நியூயோர்க் நகரைத் தாக்கியது. கடல் நகருக்குள் புகுந்தது. நிலக்கீழ்ப் புகையிரதச் சுரங்கங்கள் நீரில் மூழ்கின. அந்நகரில் மட்டும் 40 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு இரண்டு ஆண்டு நிறையுமுன் வந்த இப்படத்திலும் புயல் வருகிறது. நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையில் வெள்ளமும் புகுகிறது. அவ்வெள்ளத்தில் சுறாக்கள் நீந்துகின்றன. அந்நகர மக்கள் சிலகாலம் முன்பு உண்மையாகவே அஞ்சிய அச்சத்தின் சாயல் மட்டும் எங்குமே இல்லை.

சிரிப்புப் படம் ஒப்பாரி வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மிருகக் கதையின் மரபை நினைத்துப் பாருங்கள். 1954 இல் யப்பானியர் 'கொட்ஸில்லா' படத்தை எடுத்தனர். ரப்பர் உடைக்குள் ஓர் ஆள்; அவன் மிதித்து நொறுக்கியவை பொம்மை வீடுகள். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து ஒன்பது ஆண்டே ஆகியிருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே அமெரிக்காவின் ஐதரசன் குண்டுப் பரிசோதனையால் யப்பானிய மீன்பிடிப் படகொன்று கதிர்வீச்சுக்கு இலக்காகியிருந்தது. அந்த ரப்பர் மிருகத்தினுள் ஒரு நாட்டின் உறக்கமின்மை குடியிருந்தது. விலங்கும் அச்சம் பிறக்கும் களன்களுள் ஒன்று என்றார் தொல்காப்பியர். எந்த விலங்கு எவருடைய அச்சத்தைச் சுமந்து வருகிறது என்பதைக் கண்டறிவதே கதைஞனின் தொழில். சுறாப்படத்தின் சுறா எவருடைய அச்சத்தையும் சுமக்கவில்லை. அதற்குப் பசியுமில்லை, நீரும் வேண்டியதில்லை. எறியப்படும் கல்லுக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இவ்வளவும் கூறியபின் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் கூறுவது கடமை. இப்படத்தை நண்பர் பலர் ஒருங்கிருந்து, ஒவ்வோர் அபத்தத்துக்கும் கூச்சலிட்டுப் பார்ப்பதில் ஒரு குதூகலம் உண்டு. தனித்தனி அறைகளில் தனித்தனித் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இக்காலத்தில், இலட்சக்கணக்கானோரை ஒரே இரவில் ஒன்றாகச் சிரிக்க வைத்தது சிறிய காரியமன்று. நடித்தவர்களும் சோம்பியிருக்கவில்லை. சியரிங் இவ்வளவு அபத்தத்தின் நடுவிலும் தம் பாத்திரத்தைச் சிரியாமலே தாங்குகிறார். படத்தில் யாரேனும் ஒருவர் இக்கதையை நம்பினார் எனின், அது அவரே. அவருக்கு மேலும் நல்ல கதை கிடைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆயினும் அக்குதூகலம் நிலைத்ததா? இதே வரிசையில் மேலும் நான்கு படங்கள் வந்தன. மூன்றாவதில் நாயகன் விண்வெளிக்கே சென்று விட்டான். 2018 இல் வந்த ஆறாவதோடு வரிசை முடிந்தது. உள்ளத்தைத் தொட வழியில்லாத கதை, ஒவ்வொரு முறையும் உருவத்தைப் பெருக்கியே பிழைக்க வேண்டும். நகரம் போதாது, நாடு வேண்டும். நாடு போதாது, விண்வெளி வேண்டும். 'ட்வைலைட் ஸோன்' நாடகத்துக்கோ ஒரு விமானச் சன்னலே போதுமாயிருந்தது.

இப்பொழுது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். பகிடியிற் பிழை பிடிக்கலாமா? பிடிக்கலாம், பிடிக்கத்தான் வேண்டும். பகிடி ஓர் உயர்ந்த கலை. அதற்கும் இலக்கணம் உண்டு. ஆனால் 'பகிடிக்குச் செய்தேன்' என்பது வேறு. அது தீர்ப்பு வருமுன் தூக்கிப் பிடிக்கும் கேடயம். 'இது மட்டமானது என்பது எனக்கே தெரியும்' என்று ஒருவன் முன்கூட்டியே சொல்லி விட்டால், வாசகன் வாயடைத்துப் போகிறான். குறைகூறினால், 'உனக்கு நகைச்சுவை உணர்வில்லை' என்பார்கள். ஆனால் அக்கேடயம் இருபுறமும் தடுப்பது. அது கண்டனத்தைத் தடுப்பது போலவே கற்பதையும் தடுக்கிறது. தோற்பதற்கு அஞ்சி முயலாமலே விட்டவன், தோற்றவனிலும் பின்தங்கியவன்.

இக்காலத்து இளைஞரிடம் இக்கேடயம் பெருகி வருவதை ஆசிரியர்கள் கண்டிருப்பார்கள். அதற்கு அவர்களை மட்டும் நோவதில் நியாயமில்லை. உண்மையாக எழுதி அகப்பட்டவனை ஊரே கூடி நகைக்கும் காலம் இது. கவிதையில் கண்ணீர் விட்டவனுக்குக் கிடைப்பது கேலி. தன்னைத் தானே கேலி செய்தவனுக்குக் கிடைப்பது கைதட்டல். இந்நிலையிற் பிள்ளைகள் எதைத் தெரிந்தெடுப்பார்கள்? மாணவன் அச்சமின்றிப் பிழை விடக்கூடிய ஓர் இடமாக வகுப்பறையேனும் இருத்தல் வேண்டும். நன்றாக எழுத முயன்று பிழைத்தவனுக்கு, பகிடியென்று சொல்லித் தப்பியவனைவிட ஒரு புள்ளி கூடுதலாக இடுவதை நான் வழக்கமாக்கிக் கொண்டேன்.

என் மாணவனிடம் அந்த 1963 ஆம் ஆண்டு நாடகத்தைப் பார்க்கும்படி சொன்னேன். மறுவாரம் வந்தான். "உடுப்பைப் பாக்கச் சிரிப்பு வந்தது, சேர்," என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனா இரவு யன்னலைச் சாத்திப்போட்டுத்தான் படுத்தனான்," என்றான். பூதக்கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அந்தக் கிழவியை என்ன செய்வது என்று யோசிக்கிறானாம்.